விதைப்பவனைக் கேட்டார்களா?

மரபணு மாற்றுப் பயிர் வேண்டுமா வேண்டாமா என்ற வழக்கு உலகெங்கும் நடைபெறுகிறது. வாதி உண்டு, பிரதிவாதி உண்டு, வழக்கறிஞர்களுக்கும் குறைவில்லை. ஆனால் தீர்ப்பின் பலனைத் தன் உடலாலும் தன் பிள்ளைகளின் வயிற்றாலும் ஏற்கவேண்டியவன் மட்டும் மன்றத்துக்கு வெளியே நிற்கிறான். அவனை அழைத்துச் சாட்சி கேட்கவேண்டும் என்ற எண்ணம் இரு தரப்பாருக்கும் எழுவதில்லை.

லயத்தின் பின்புறத்துத் துண்டு நிலத்திலே கோவாவும் லீக்ஸும் உருளைக்கிழங்கும் பயிரிட்டு, லிந்துலைக் கடையிலே விதைத் தகரம் வாங்கும் மரக்கறிச் செய்கையாளன் இவ்வழக்கிலே யார்? விடியுமுன் மலையேறிக் கொழுந்து கிள்ளும் பெண் இவ்வழக்கிலே யார்? விஞ்ஞானம் பேசுவோரின் ஏட்டில் அவர்கள் "பயனாளிகள்". எதிர்ப்புப் பேசுவோரின் ஏட்டில் அவர்கள் "பாதிக்கப்பட்டோர்". இரண்டு ஏடுகளிலும் அவர்கள் வாய் திறப்பதில்லை!

நாம் சொல்லவருவது ஒன்றே. மரபணுவிலே கை வைப்பது நன்றா தீதா என்று கேட்பதற்கு முன்னே கேட்கவேண்டிய வினாக்கள் மூன்று உள்ளன. அந்த விதை யாருடையது? அதனை விதை என்றோ விதைக்காதே என்றோ ஆணையிடுபவர் யார்? கணக்குப் பிழைத்தால் இழப்பவர் யார்? இவற்றுக்கு விடை சொல்லாமல் ஏற்பாரும் மறுப்பாரும் எழுப்பும் முழக்கம், ஏழையின் தலைக்கு மேலே நடக்கும் வேடிக்கைச் சண்டையே அன்றி வேறில்லை.

பொருள் யாது?

ஒட்டுக் கட்டுவதும் இனம் கலப்பதும் வேளாண்மைக்குப் புதியன அல்ல. மரபணு மாற்றம் வேறு. ஓர் உயிரின் மரபணுவை ஆய்வுகூடத்திலே பிரித்தெடுத்து, அதனோடு உறவில்லாத இன்னோர் உயிரினுள்ளே புகுத்துவது அது. மண்ணில் வாழும் ஒரு பக்டீரியாவின் மரபணுவைப் பருத்திக்குள் புகுத்தினர். புழுவைக் கொல்லும் பொருளைப் பருத்திச் செடியே உண்டாக்கிக்கொண்டது. அதுவே பி.டி. பருத்தி. களைநாசினி தெளித்தாலும் மடியாத சோயா 1996இல் அமெரிக்க வயல்களுக்கு வந்தது. களைநாசினியை விற்றது மொன்சான்டோ; அதனைத் தாங்கும் விதையை விற்றதும் மொன்சான்டோ! பூட்டும் திறப்பும் ஒரே கடையில். வேறு கடைக்குப் போக வழியில்லை. அந்த மொன்சான்டோவை 2018இல் ஜேர்மனியின் பேயர் விழுங்கியது. அதற்கு முந்திய ஆண்டிலே சுவிட்சர்லாந்தின் சின்ஜென்டாவைச் சீன அரசுக் கம்பனி வாங்கியது. உலகின் விதைப் பெட்டியும் மருந்துப் பெட்டியும் விரல்விட்டு எண்ணக்கூடிய கைகளுக்குள் அடங்கின.

இங்கே ஓர் உண்மையை மறைக்காமல் சொல்லவேண்டும். அனுமதி பெற்று விற்பனையில் உள்ள மரபணு மாற்று உணவுகள், வழக்கமான உணவுகளைவிட உடலுக்கு அதிகம் தீங்கு செய்வதாகச் சான்று கிடைக்கவில்லை என்று அமெரிக்க தேசிய விஞ்ஞானக் கழகங்களின் பெரிய ஆய்வு 2016இல் கூறியது. "தின்றால் சாவாய்" என்று கிராமத்தைப் பயமுறுத்தும் மேடைப் பேச்சு நமக்கு வேண்டாம். பொய்யைக் கொண்டு ஏழைக்கு அரண் கட்ட முடியாது. முதல் மழையிலேயே அது கரைந்துவிடும். நம் வழக்கு நஞ்சைப் பற்றியது அன்று. அது அதிகாரத்தைப் பற்றியது.

ஒரு தடை பிறக்குமுன் இறந்த கதை

இலங்கையின் வயல்களிலே மரபணு மாற்றுப் பயிர் வணிகத்துக்காக விளைவிக்கப்படவில்லை. "இல்லாத பயிருக்கு ஏன் இத்தனை பேச்சு?" என்பார் உண்டு. வெள்ளம் வந்த பிறகு அணை கட்டச் சொல்வோர் அவர்கள். இந்த நாட்டிலே இவ்விடயத்தில் முடிவுகள் எவ்வாறு எடுக்கப்படுகின்றன என்பதை 2001ஆம் ஆண்டு நமக்குக் காட்டிவிட்டது.

அந்த ஆண்டிலே மரபணு மாற்று உணவுகளின் இறக்குமதியைத் தடை செய்வதென அரசு தீர்மானித்தது. மே மாதம் முதலாந் திகதி நடைமுறைக்கு வரும் என்றார்கள். பின்னர் செப்டெம்பர் என்றார்கள். பின்னர் திகதியே இல்லாமற் போயிற்று! அமெரிக்கா முதலிய ஏற்றுமதி நாடுகள் முகஞ்சுளித்தன. உலக வர்த்தக நிறுவனத்தின் விதிகள் எடுத்துக்காட்டப்பட்டன. சிறிய நாட்டின் பேனா நின்றுவிட்டது. தடை சரியா பிழையா என்பது வேறு வாதம். அது பிழையென்றால் நம் விஞ்ஞானிகள் சொல்லி, நம் பாராளுமன்றத்திலே விவாதித்து, நம் மக்கள் அறியக் கைவிட்டிருக்கலாம். வெளியார் விரலசைவுக்கு அஞ்சிக் கைவிட்டதே வெட்கம்.

பின்னர் 2006இல் விதிகள் வெளிவந்து, 2007 ஜனவரியில் நடைமுறைக்கு வந்தன. அனுமதியின்றி மரபணு மாற்று உணவை இறக்குமதி செய்யலாகாது; விற்றால் பொதியிலே குறிப்பிடவேண்டும் என்பது விதி. விதி நன்று. ஆயினும் அது உண்பவனுக்கான விதி. விதைப்பவனுக்கு?

பருத்தி சொல்லும் பாடம்

அண்டை நாட்டைப் பார்ப்போம். இந்தியா 2002 மார்ச்சிலே பி.டி. பருத்திக்கு அனுமதி கொடுத்தது. ஏறத்தாழப் பத்து ஆண்டுகளிலே பருத்தி நிலத்தில் நூற்றுக்குத் தொண்ணூறுக்கு மேல் அதுவே ஆயிற்று. தொடக்கத்திலே காய்ப்புழுவுக்கு அடித்த மருந்து குறைந்தது. பலருக்கு விளைச்சலும் கூடியது. இதனை மறுப்பவர் உழவர் ஏன் அந்த விதையைத் தேடி ஓடினர் என்பதை விளக்க இயலாதவர்.

ஆனால் அடுத்த பக்கத்தையும் புரட்டுங்கள். 450 கிராம் விதைப் பொதி ஒன்றின் விலை 1,600 இந்திய ரூபாவுக்கும் மேலே இருந்தது. மரபணுவுக்கான உரிமைத் தொகை அந்த விலைக்குள்ளே பதுங்கியிருந்தது. ஆந்திர அரசு ஏகபோக வணிகத்தைக் கட்டுப்படுத்தும் ஆணையத்திடம் முறையிட்ட பிறகே, 2006இல் விலை 750 ரூபாவுக்கு இறங்கியது. அரசு துணிந்து வழக்காடியிராவிட்டால்? எத்தனை உழவர் வீட்டுத் தாலி அடகுக்கடைக்குப் போயிருக்கும்!

புழுவும் சும்மா இருக்கவில்லை. குஜராத்திலே இளஞ்சிவப்புக் காய்ப்புழு முதல் தலைமுறைப் பி.டி. பருத்தியைத் தின்று வாழக் கற்றுக்கொண்டது என்பதை 2010இல் கம்பனியே ஒப்புக்கொண்டது. இயற்கைக்குக் காப்புரிமைச் சட்டம் தெரியாது. அது தன் வழியே போகும். பாதுகாப்புக்கென வயலோரத்திலே சாதாரணப் பருத்தியையும் நடவேண்டும் என்பது முறை. இரண்டு ஏக்கர் வைத்திருப்பவன் புழுவுக்கென்று ஒரு பகுதியை விட்டுவைப்பானா என்று அவனிடமே கேட்டிருந்தால், "முடியாது" என்ற விடை முதல் நாளே கிடைத்திருக்கும்.

இன்னுமொன்று. "முளைக்காத விதையைக் கொடுத்து உழவனை ஏமாற்றுகிறார்கள்" என்பது மேடைகளிலே அடிக்கடி கேட்கும் குற்றச்சாட்டு. அவ்வாறு மலடாக்கும் நுட்பத்துக்கு 1998இல் அமெரிக்காவிலே காப்புரிமை கொடுக்கப்பட்டது உண்மை. உலகம் எதிர்த்தது, அது சந்தைக்கு வரவில்லை. உழவனை ஆண்டுதோறும் கடை வாசலுக்கு இழுத்தது வேறு: பி.டி. மரபணு கலப்பின விதைக்குள் வைத்தே விற்கப்பட்டது. கலப்பினத்தின் விதையைச் சேமித்து மறுபடி விதைத்தால் தாய்ப்பயிரின் குணம் நிலைப்பதில்லை. ஆகவே சட்டம் கட்டாத கையை விதையே கட்டியது.

சேமித்து விதைக்கக்கூடிய பி.டி. பருத்தியை இந்தியப் பொது ஆராய்ச்சி நிலையங்கள் 2009இல் வெளியிட்டன. அதற்குள் கம்பனியின் மரபணுவே இருப்பது தெரியவந்ததும் அது திரும்பப் பெறப்பட்டது. ஆண்டுக்கணக்கிலே பாடுபட்டும் பொது விஞ்ஞானம் சொந்தக் காலில் நிற்க முடியாமற் போனது ஏழை உழவனின் நட்டம்.

ஆனால் வங்காளதேசத்தைப் பாருங்கள். அந்நாட்டு அரச ஆராய்ச்சி நிலையம் 2013இல் நான்கு பி.டி. கத்தரி வகைகளுக்கு அனுமதி பெற்றது. அவற்றின் விதையை உழவன் சேமித்து வைக்கலாம். அதே கத்தரியை இந்தியாவிலே என்ன செய்தார்கள்? நிபுணர் குழு 2009 அக்டோபரில் "ஆம்" என்றது. சுற்றாடல் அமைச்சர் ஜெய்ராம் ரமேஷ் ஏழு நகரங்களிலே பொதுக் கூட்டம் கூட்டி, உழவர் உட்படப் பலரையும் கேட்டு, 2010 பெப்ரவரி 9ஆந் திகதி அதனை நிறுத்திவைத்தார். முடிவை ஏற்போர் உண்டு, ஏற்காதோரும் உண்டு. ஆனால் கேட்டார்! கேட்ட பிறகு காரணங்களை எழுத்திலே வைத்தார். இந்த வழக்கத்தை அன்றோ நாம் இறக்குமதி செய்யவேண்டும்?

கேளாமல் தடுத்ததும் கொடுமையே

வெளியாருக்கு அஞ்சுவது ஒரு நோய் என்றால், உள்ளூர் அரியணையில் இருந்துகொண்டு ஓர் இரவிலே ஆணை பிறப்பிப்பது இன்னொரு நோய். இந்த இரண்டாம் நோயின் வேதனையை மலைநாடு நன்கு அறியும்.

2015இல் கிளைபோசேட் களைநாசினி தடை செய்யப்பட்டது. சிறுநீரக நோயைக் காரணங் காட்டினர். மக்கள் உடல்நலம் பெரிது, அதிலே ஐயமில்லை. ஆனால் தேயிலை மலையிலே அடுத்த நாள் களையை எவ்வாறு எடுப்பது, எத்தனை ஆள் வேண்டும், அந்த ஆளுக்குக் கூலி எங்கிருந்து வரும் என்பவற்றுக்கு ஆணையிலே விடை இல்லை. 2018இல் தேயிலைக்கும் இறப்பருக்கும் தடையைத் தளர்த்தினர். விதித்தபோதும் கேட்கவில்லை, தளர்த்தியபோதும் கேட்கவில்லை. மருந்துத் தாங்கியை முதுகிலே சுமப்பவனின் நுரையீரலைப் பற்றி இரண்டு நாளும் பேச்சில்லை.

2021 மே மாதத்திலே ஜனாதிபதி கோட்டாபய ராஜபக்ஷவின் அரசு இரசாயனப் பசளையின் இறக்குமதியையே நிறுத்தியது. நாடு முழுவதும் ஒரே பருவத்தில் சேதன வேளாண்மைக்கு மாறவேண்டுமாம்! ஆராய்ச்சியாளர் எச்சரித்தனர், உழவர் வீதிக்கு வந்தனர், நவம்பரில் ஆணை மடக்கிவைக்கப்பட்டது. ஆனால் பயிருக்கு நவம்பர் தெரியாது. பின்தொடர்ந்து வந்த பொருளாதார வீழ்ச்சியிலே பசளை கடைக்கு வந்தும் விலை கைக்கு எட்டவில்லை. 2021இல் ஏறத்தாழ 30 கோடி கிலோவாக இருந்த நாட்டின் தேயிலை உற்பத்தி 2022இல் ஏறத்தாழ 25 கோடி கிலோவாகச் சரிந்தது.

இந்தப் புள்ளிவிவரம் கொழும்பிலே அந்நியச் செலாவணிக் கணக்கு. லயத்திலே அடுப்புக் கணக்கு. கொழுந்து குறைந்தால் நாளுக்குரிய நிறை சேராது. நிறை சேராவிட்டால் முழுப் பேர் இல்லை, அரைப் பேர். ஆணையிட்டவரின் சம்பளத்திலே ஒரு சதமேனும் குறைந்ததா? கேளாமல் விதைக்கச் சொல்வதும், கேளாமல் தடுப்பதும் ஒரே மரத்தின் இரு கிளைகள். அந்த மரத்தின் பெயர் அகந்தை.

நம் மலையின் சாட்சியம்

இனி, வெளிநாடு செல்லாமல் நம் மண்ணையே சாட்சிக்கு அழைப்போம்.

இந்த மலைகளிலே தேயிலைக்கு முன் கோப்பி இருந்தது. மலைக்கு மலை ஒரே பயிர். 1869இல் இலைத்துரு நோய் தோன்றியது. இருபது ஆண்டுகளுக்குள் அந்தப் பெருந்தொழில் மண்ணோடு மண்ணாயிற்று. துரைமாரில் பலர் கப்பலேறினர். எஞ்சியோர் தேயிலைக்கு மாறினர். தமிழகத்திலிருந்து நடந்து வந்த கூலித் தொழிலாளிக்குத் திரும்பும் கப்பலும் இல்லை. காத்திருக்கும் நிலமும் இல்லை. ஒரே இனத்தால் மலையை நிரப்புவது எவ்வளவு பெரிய சூது என்பதையும், சூதிலே தோற்றால் யார் கொடுப்பார் என்பதையும் இதைவிடத் தெளிவாக எந்த நூல் சொல்லும்? அது மரபணு மாற்றாக இருந்தாலென்ன, நாற்றுமேடையில் வந்த நல்லினமாக இருந்தாலென்ன, விதி ஒன்றே.

விஞ்ஞானத்தை நாம் பகைக்கிறோம் என்று யாரும் எண்ணவேண்டாம். லிந்துலைக்கு அயலிலே தலவாக்கலை செயின்ட் கூம்ஸ் தோட்டத்தில் தேயிலை ஆராய்ச்சி நிலையம் நிற்கிறது. 1925இல் பிறந்த நிலையம் அது. தேயிலை இலையைச் சுருட்டித் தின்னும் டோர்ட்ரிக்ஸ் புழுவை ஒடுக்க, 1935-36இல் ஜாவாவிலிருந்து ஒரு சிறு குளவியைக் கொண்டுவந்து விட்டார்கள். குளவி புழுவை அடக்கியது. காப்புரிமை இல்லை, பொதிக்கு விலை இல்லை, ஆண்டுதோறும் கட்டணம் இல்லை! பின்னர் துளைவண்டுக்கு எதிராக டீல்ட்ரின் மருந்தை அடித்தபோது அந்தக் குளவியும் மாண்டது. அடங்கியிருந்த புழு மீண்டும் படையெடுத்தது. பொது விஞ்ஞானம் கொடுத்ததை அவசரத் தெளிப்பு பறித்தது.

பழைய விதைத் தேயிலையின் இடத்தில் இன்று மலையை மூடியிருக்கும் வீ.பி. தேயிலையும் அந்நிலையத்தின் கொடையே. தெரிந்தெடுத்த தாய்ச்செடியின் இலைத் துண்டை நட்டு வளர்ப்பது அது. டி.ஆர்.ஐ. 2025 என்ற இனத்தை மேல்நாட்டுத் தோட்டங்களிலே அறியாதார் யார்? இத்தகைய நிலையத்திலே நாளை ஒரு விஞ்ஞானி மரபணு முறையால் கொப்புள நோயை வெல்லும் தேயிலையை ஆக்கினால், அதன் ஆய்வு முடிவு திறந்த புத்தகமாக இருந்தால், கன்று பொதுச் சொத்தாக இருந்தால், தொழிலாளியும் மேசையில் அமர்ந்து கேள்வி கேட்க முடிந்தால், அதனைப் பரிசீலிக்க நாம் தயார். அதே கன்று கம்பனியின் காப்புரிமைச் சீட்டோடு வந்தால், கேள்வியும் வேறு, விடையும் வேறு.

நிலமற்றவனுக்கு விதை உரிமையா?

அறிஞர் அரங்குகளிலே "உழவர் விதை உரிமை" என்ற சொல் ஒலிக்கிறது. இந்தியாவின் 2001ஆம் ஆண்டுச் சட்டம், முத்திரையிட்ட விதை வணிகம் தவிர, விதையைச் சேமிக்கவும் விதைக்கவும் பகிரவும் விற்கவும் உழவனுக்கு உரிமை தருகிறது. அந்தச் சட்டம் இருந்தும், 2019இல் பெப்சி கம்பனி தன் உருளைக்கிழங்கு இனத்தைப் பயிரிட்டதாகக் குஜராத் உழவர் மீது வழக்குத் தொடுத்தது. நால்வரிடம் தலா ஒரு கோடி ரூபாவுக்கு மேல் கேட்டது. நாடெங்கும் எழுந்த எதிர்ப்பைக் கண்டு வழக்கை மீட்டுக்கொண்டது. அந்தக் கிழங்கு மரபணு மாற்றியதும் அன்று, சாதாரண இனமே. ஆகவே லிந்துலையிலும் நுவரெலியாவிலும் கிழங்கு போடுவோர் "அது எங்கோ நடக்கும் சங்கதி" என்று இருந்துவிடலாகாது. வெளிநாட்டு விதைக் கிழங்கையும் தகரத்தில் வரும் மரக்கறி விதையையும் நம்பிப் பிழைப்பவர் நாம்.

ஆனால் உரிமைச் சட்டம் வந்தாலும் அது யாருக்குப் பொருந்தும்? "உழவர்" என்று சட்டம் சொல்லும்போது நிலம் உடையவனையே நினைக்கும். 1948இல் குடியுரிமைச் சட்டத்தால் நாடற்றவராக்கப்பட்ட மக்கள் இவர்கள். எஞ்சியோருக்குக் குடியுரிமை வழங்கும் சட்டம் வர 2003 ஆயிற்று. 1972இலும் 1975இலும் நிலச் சீர்திருத்தம் வந்தது, தோட்டங்கள் அரசுடைமையாயின. 1992இல் நிர்வாகம் தனியார் கம்பனிகளிடம் போயிற்று. இத்தனை கை மாறியும் தொழிலாளியின் கைக்கு நிலம் வரவில்லை. லயத்தின் பின்னே அவன் கொத்தும் துண்டு நிலமும் உறுதிப்பத்திரம் இல்லாத நிலம். காலடியிலே மண் இல்லாதவனிடம் போய் "விதை உன் பிறப்புரிமை" என்று முழங்குவது, அடுப்பு இல்லாதவனுக்கு அரிசி அளக்கும் தருமம்!

இவற்றையே கேட்கிறோம்

"பசி பெரிது, காலநிலை மாறுகிறது, விஞ்ஞானம் வாக்கெடுப்புக்குக் காத்திராது" என்பார் சிலர். விஞ்ஞானத்தின் உண்மைக்கு வாக்கெடுப்பு வேண்டாம், ஒப்புக்கொள்கிறோம். ஆனால் அந்த உண்மையை யார் வயலில், யார் செலவில், யார் இலாபத்துக்கு நடைமுறைப்படுத்துவது என்பது விஞ்ஞானம் அன்று, அது அரசியல். அரசியலிலே பாதிக்கப்படுவோனைக் கேட்பதற்கு மக்களாட்சி என்று பெயர்.

ஆகவே கேட்கிறோம். மரபணு மாற்றுப் பயிரை அனுமதிப்பதாயினும் தடுப்பதாயினும், முடிவுக்கு முன் பயிரிடும் மாவட்டங்களிலே பொது விசாரணை நடைபெறவேண்டும். நுவரெலியா மாவட்டத்திலே அது தமிழில் நடைபெறவேண்டும். ஆய்வு ஆவணங்களும் தமிழில் முன்னரே கிடைக்கவேண்டும். விதையைப் பற்றிய எந்தச் சட்டத்திலும் சேமிக்கவும் பகிரவும் மறுபடி விதைக்கவும் உள்ள உரிமை எழுத்திலே பொறிக்கப்படவேண்டும். "உழவர்" என்ற சொல்லுக்குள் துண்டு நிலத்தில் பயிரிடும் தோட்டத் தொழிலாளியும் அடங்கவேண்டும். பொது ஆராய்ச்சி நிலையங்களுக்குப் போதிய பணமும் சுதந்திரமும் கொடுத்து, அவை ஆக்கும் இனங்களைப் பொதுச் சொத்தாக வைக்கவேண்டும். அரசின் திடீர் ஆணையால் விளைச்சல் வீழ்ந்தால், அரைப் பேர் வாங்கியவனுக்கு அரசே ஈடு செய்யவேண்டும். எல்லாவற்றுக்கும் அடியிலே, பயிரிடுபவனுக்கு நிலத்தின் உறுதிப்பத்திரம் வேண்டும்.

படித்தோரே, இவற்றை எழுத்தாக்கிச் சபைகளுக்குக் கொண்டுசெல்வது உங்கள் கடன். வழக்கறிஞர் சட்ட வரைவைப் படித்துச் சொல்லட்டும். ஆசிரியர் அதனை லயத்துக்கு விளங்கும் மொழியில் எடுத்துரைக்கட்டும். விவசாய உத்தியோகத்தர் மேலிடத்துக்கு அஞ்சாமல் கண்டதை எழுதட்டும். பயிரிடுவோரே, வாங்கும் விதைத் தகரத்தின் மேல் எழுதியிருப்பதைப் படியுங்கள், விற்பவனிடம் கேளுங்கள், வாக்குக் கேட்டு வருவோரிடம் அதனினும் உரத்துக் கேளுங்கள்.

மரபணுவை மாற்றத் தெரிந்த அறிவு பெரிதுதான். ஆனால் ஒரு நாட்டின் மானம், அந்த அறிவைக் கையில் எடுக்குமுன் கூடை சுமப்பவளையும் மண்வெட்டி பிடிப்பவனையும் கேட்டதா என்பதிலேயே இருக்கிறது. கேட்காமல் வரும் ஆணை எதுவாயினும், எந்தக் கொடியின் கீழ் வந்தாலும், மலைநாடு இனி ஏற்காது.